கணினி மேசை கேள்வி–பதில்: வீடியோ கேட்டால் வெப்பக்கம் இறங்குகிறது

கூகுள் ட்ரைவ், ட்ரொப்பொக்ஸ், அமேசான் எஸ்3 போன்ற இடங்களில் கிடக்கும் கோப்புகளை ஸ்கிரிப்ட் எழுதி இறக்குவது பற்றி இம்முறை நிறையக் கேட்டிருக்கிறீர்கள். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும்.

எங்கள் ரியூஷன் நிலையத்தின் உயர்தர வகுப்பு ஸூம் பதிவுகள் கூகுள் ட்ரைவில் உள்ளன. ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல். பகிர்வு இணைப்புகளை நேரடித் தரவிறக்க இணைப்புகளாக மாற்றி ஒரு கோப்பில் போட்டு, டபிள்யூகெட் என்ற நிரல் மூலம் வரிசையாக இறக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் இறங்கிய எம்பி4 ஒவ்வொன்றும் சில கிலோபைட்தான். விஎல்சியிலும் திறக்கவில்லை.
— வெள்ளவத்தை

அவற்றில் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். வீடியோ இருக்காது, எச்டிஎம்எல் பக்கம் ஒன்று இருக்கும். கூகுள் சுமார் 100 மெகாபைட் வரையான கோப்புகளைத்தான் வைரஸ் சோதனை செய்கிறது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ‘சோதிக்க முடியவில்லை, எப்படியும் இறக்கவா?’ என்று ஒரு பக்கத்தைக் காட்டிப் பொத்தானை அழுத்தச் சொல்கிறது. பிரவுசரில் நீங்கள் அழுத்துகிறீர்கள். டபிள்யூகெட்டுக்கு அழுத்தத் தெரியாது. அந்தப் பக்கத்தையே நீங்கள் கொடுத்த பெயரில் சேமித்துவிடுகிறது. சேர்வர் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடுதான் பக்கத்தை அனுப்புகிறது. அதனால்தான் பிழை காட்டவில்லை.

இணைப்பின் முடிவில் ‘கன்ஃபர்ம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகும் என்று இணையத்தில் பல குறிப்புகள் கிடைக்கும். கூகுள் அந்தப் பக்கத்தின் அமைப்பை அவ்வப்போது மாற்றுவதால் அவற்றில் பல இன்று வேலைசெய்யாது. அந்த வழியில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்ட ஒன்றிரண்டு கோப்புகள் மட்டும் என்றால், பைதன் மொழியின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவக்கூடிய ‘ஜிடவுன்’ போதும். எச்சரிக்கைப் பக்கத்தைத் தாண்டுவதற்காகவே எழுதப்பட்டது அது. உங்கள் விடயம் வேறு. கோப்புகள் உங்களுடையவை, கணக்கும் உங்களுடையது. சொந்தக் கோப்பை எடுக்கப் பொது இணைப்பு எதற்கு? ‘ஆர்க்ளோன்’ என்ற இலவச நிரலை நிறுவி, ‘கன்ஃபிக்’ கட்டளையில் ஒருமுறை கணக்கை இணைத்துவிட்டால் ஃபோல்டர் முழுவதையும் ஒரே ‘காப்பி’ கட்டளையில் எடுக்கலாம். அனுமதி கேட்கும் இடத்தில் ‘வாசிக்க மட்டும்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஸ்கிரிப்டில் தவறு நடந்தாலும் ட்ரைவில் எதுவும் அழியாது.

சொந்தமாகவே எழுதுவேன் என்றால் ட்ரைவ் ஏபிஐயை (நிரல்கள் ட்ரைவோடு நேரே பேசும் வழி) பாவியுங்கள். கோப்பின் அடையாள எண்ணைக் கொடுத்து, ‘ஓல்ட்’ என்ற அளவுருவுக்கு ‘மீடியா’ என்று பெறுமதி வைத்தால், பக்கம் எதுவும் குறுக்கிடாமல் கோப்பு நேரே வரும். எந்த வழியில் போனாலும் இரண்டு சோதனைகளை ஸ்கிரிப்டில் வையுங்கள். ஒன்று, பதிலோடு வந்து கோப்பின் வகையைச் சொல்லும் ‘கொன்டென்ட்-டைப்’ தலைப்பில் ‘டெக்ஸ்ட், எச்டிஎம்எல்’ என்று வந்தால் சேமிக்காமல் நிறுத்துவது. மற்றது, இறங்கிய கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்ப்பது. பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் ‘பிடிஎஃப்’ என்ற மூன்று எழுத்துகளும், ஸிப் என்றால் ‘பீ, கே’ என்ற இரண்டு எழுத்துகளும் தொடக்கத்திலேயே நிற்கும்.

இன்னொன்று. அதே இணைப்பை வகுப்பு முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் போட்டு எல்லோரும் ஒரே இரவில் இறக்கினால், அந்தக் கோப்பின் தரவிறக்க ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று கூகுள் மறிக்கும். இது 24 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். ஸ்கிரிப்டைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

திருமண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து 300 ஜிபி மூலப் பதிவுகளை ட்ரைவில் பகிர்ந்திருக்கிறார்கள். கரண்ட் போனாலோ ரவுட்டர் விழுந்தாலோ மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பகலில் இறக்கினால் டேட்டாவும் கரைகிறது.
— கொட்டாஞ்சேனை

முதலில் கணக்கைப் பார்ப்போம். 20 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 300 ஜிபிக்கு 33 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். உங்கள் பொதியில் இரவு ஒதுக்கீடு நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை என்றால், ஓர் இரவில் அதிகபட்சம் 72 ஜிபி இறங்கும். ஐந்தாவது இரவில்தான் வேலை முடியும். அத்தனை நாளும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஏற்பாடு வேண்டும்.

ஆர்க்ளோனின் ‘காப்பி’ அதற்குப் பொருத்தம். ஏற்கெனவே முழுதாக இறங்கிய கோப்புகளை அளவும் நேரமும் பார்த்துத் தாண்டிவிடும். மற்றவர் உங்களுடன் பகிர்ந்த ஃபோல்டர் என்பதால் ‘--ட்ரைவ்-ஷெயார்ட்-வித்-மீ’ தெரிவையும் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஃபோல்டரே கண்ணில் படாது. ‘--மேக்ஸ்-டியுரேஷன்’ என்பதில் ஏழரை மணித்தியாலம் கொடுத்தால் காலையில் தானாக நின்றுவிடும். ஆனால் அப்போது பாதியில் நிற்கும் கோப்பை அது அப்படியே வெட்டிவிடும். ‘--கட்ஓஃப்-மோட் சொஃப்ட்’ என்றும் சேர்த்தால் புதிய கோப்பைத் தொடங்காது, ஓடிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு நிற்கும்.

ஆர்க்ளோனுக்கு ஒரு குறை உண்டு. முடிந்த கோப்புகளைத் தாண்டுமே தவிர, ஒரு கோப்பின் நடுவில் அறுந்தால் அந்தக் கோப்பை மறுமுறை தொடக்கத்திலிருந்தே எடுக்கும். 2 ஜிபி துண்டுகள் என்றால் பரவாயில்லை. 60 ஜிபி ஒற்றைக் கோப்பு என்றால் மின்வெட்டு நாளில் அது முடியவே முடியாது. அப்படிப்பட்டதை மட்டும் ‘கர்ல்’ என்ற தரவிறக்க நிரல் மூலம், ‘கழித்தல் குறி, பெரிய சீ, இடைவெளி, கழித்தல் குறி’ என்ற தெரிவோடு ஏபிஐ முகவரியிலிருந்து எடுங்கள். வட்டில் ஏற்கெனவே எத்தனை பைட் இருக்கிறது என்று பார்த்து, ‘ரேஞ்ச்’ தலைப்பில் அதற்குப் பிந்தியதை மட்டும் கேட்கும். சேர்வர் 206 என்று பதில் தந்தால் தொடர்கிறது என்று பொருள். 200 வந்தால் முழுக் கோப்பையும் திரும்ப அனுப்புகிறது. 416 வந்தால் பெரும்பாலும் கோப்பு ஏற்கெனவே முழுதாக வந்துவிட்டது. ட்ரைவின் அணுகல் டோக்கன் (உள்ளே விடும் தற்காலிக அனுமதிச் சாவி) ஒரு மணித்தியாலத்தில் காலாவதியாகும் என்பதால், ஒவ்வொரு முறை தொடரும்போதும் புதிய டோக்கன் வேண்டும். இடையில் அனுப்பியவர் அந்தக் கோப்பை மாற்றிப் பதிவேற்றியிருந்தால், பழையதன் தலையும் புதியதன் வாலும் சேர்ந்த பழுதான கோப்புத்தான் கிடைக்கும். தொடரும் முன் எம்டி5 எண் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும், கோப்பின் கைரேகை போன்ற எண்) மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பகலிலும் மெதுவாக ஓடவேண்டுமென்றால் ‘--பிடபிள்யூலிமிட்’ தெரிவுக்கு நேர அட்டவணையே கொடுக்கலாம்: ‘08:00,512கே 00:00,ஓஃப்’. காலை 8 மணிக்கு வினாடிக்கு 512 கிலோபைட்டாகக் குறையும், நள்ளிரவில் கட்டுப்பாடு நீங்கும். இங்கே கணக்கு பைட்டில், பிட்டில் அல்ல. 20 எம்பிபிஎஸ் இணைப்பில் ‘20எம்’ என்று எழுதினால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்றே ஆகும்.

வெளிவன்தட்டு ஃபேட்32 முறையில் இருந்தால் ஒவ்வொரு பெரிய கோப்பும் 4 ஜிபியைத் தொட்டதும் தோற்கும். அதற்கு இணைப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபோர்மட் செய்யுங்கள்.

ஆர்க்ளோனுக்குச் சொந்தக் கிளையன்ட் ஐடி (கூகுளுக்கு நிரலை அடையாளம் காட்டும் எண்) எடுத்தால் வேகம் கூடும் என்று படித்து அப்படியே செய்தேன். நன்றாக ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு வாரமும் ‘இன்வலிட் கிரான்ட்’ என்று நின்றுவிடுகிறது.
— கிருலப்பனை

கூகுள் கிளவுட் கொன்சோலில் உங்கள் செயலி ‘டெஸ்டிங்’ நிலையில் நிற்கிறது. அந்த நிலையில் வழங்கப்படும் புதுப்பிப்பு டோக்கனின் ஆயுள் 7 நாள்தான். ஓஓத் எனப்படும் அனுமதித் திரையில் ‘பப்ளிஷ்’ கொடுத்து ‘இன் புரொடக்ஷன்’ நிலைக்கு மாற்றி, ஆர்க்ளோனில் ஒருமுறை மீண்டும் அனுமதி கொடுங்கள். ‘சரிபார்க்கப்படாத செயலி’ என்று எச்சரிக்கும். உங்கள் சொந்தச் செயலிதான் என்பதால் தொடரலாம்.

ஆர்க்ளோனில் ‘சிங்க்’ என்பதும் ‘காப்பி’ என்பதும் ஒன்றா?
— மட்டக்குளி

இல்லை. ‘சிங்க்’ மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். மூலத்தின் பெயரைத் தவறாக எழுதி, வெறும் ஃபோல்டரைக் காட்டினால் உங்கள் வட்டும் வெறுமையாகும். இறக்குவதற்கு எப்போதும் ‘காப்பி’. ‘சிங்க்’ வேண்டியே தீரும் என்றால் முதலில் ‘--டிரை-ரன்’ போட்டு என்ன நடக்கப்போகிறது என்று வாசியுங்கள்.

பைதனில் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்தைக் கொண்டு இறக்குகிறேன். பெரிய கோப்பு வந்தால் 4 ஜிபி ரெம் உள்ள லப்டொப் உறைந்துபோகிறது. சிலவேளை எந்த அசைவும் இல்லாமல் மணிக்கணக்கில் நிற்கிறது.
— தெகிவளை

இவை இரண்டு வேறு நோய்கள். உறைவதற்குக் காரணம், ‘ஸ்ட்ரீம்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்காமல் கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்டால் முழுக் கோப்பும் முதலில் நினைவகத்தில் ஏறும். ‘ஸ்ட்ரீம்’ போட்டு, ‘இட்டர்-கொன்டென்ட்’ மூலம் 1 மெகாபைட் துண்டுகளாக வட்டில் எழுதுங்கள்.

மணிக்கணக்கில் நிற்பதற்குக் காரணம், அந்த நூலகத்தில் இயல்பாக நேர எல்லை கிடையாது. ‘டைம்அவுட்’ என்பதற்கு 10, 60 என்று இரண்டு எண்கள் கொடுங்கள். இணைவதற்கு 10 வினாடி. இணைந்த பின் ஒரு பைட்கூட வராமல் கழியக்கூடிய நேரம் 60 வினாடி. மொத்தத் தரவிறக்க நேரத்தை இது கட்டுப்படுத்தாது, ஆகவே பெரிய கோப்பு பாதியில் வெட்டுப்படும் என்று பயப்படவேண்டாம்.

எழுதும்போது இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். பெயருக்குப் பின்னால் ‘.பார்ட்’ சேர்த்து எழுதி, முடிந்ததும் வட்டிலுள்ள அளவை ‘கொன்டென்ட்-லெங்த்’ தலைப்போடு ஒப்பிட்டு, சரியென்றால் மட்டும் பெயரை மாற்றுங்கள். இணைப்பு பாதியில் அறுந்தும் பைதன் பிழை சொல்லாமல் ‘முடிந்தது’ என்று விட்டுவிடுவது, பழைய நூலகப் பதிப்புகளில் நடக்கும். சேர்வர் ஜிஸிப் சுருக்கத்தில் அனுப்பினால் இரண்டு அளவுகளும் பொருந்தாது. அந்தச் சந்தர்ப்பத்தைத் தனியாகக் கவனிக்கவேண்டும்.

சேர்வரிலிருந்து 429 என்ற குறியீடு வந்தால் வேகமாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். ‘ரிட்ரை-ஆஃப்டர்’ தலைப்பு இருந்தால் அது சொல்லும் நேரம் பொறுங்கள். இல்லாவிட்டால் 1, 2, 4, 8 வினாடி என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுடனும் சிறு எழுந்தமான இடைவெளியைக் கூட்டுங்கள். 404க்கும் (கோப்பு இல்லை) 401க்கும் (அனுமதி செல்லாது) இப்படித் திரும்பத் திரும்ப முயல்வது வீண்வேலை.

வாடகைச் சேர்வரில் நள்ளிரவு 12 மணிக்கு ஓடும்படி குரோனில் (குறித்த நேரத்தில் ஓடவிடும் லினக்ஸ் கருவி) போட்ட ஸ்கிரிப்ட் காலை ஐந்தரைக்கு ஓடுகிறது. ஓடினாலும் எதையும் இறக்குவதில்லை. கையால் ஓடவிட்டால் சரியாக வேலைசெய்கிறது.
— புறக்கோட்டை

சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. கொழும்பு அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். நமது நள்ளிரவுக்கு ஓடவேண்டுமென்றால் நிமிட இடத்தில் 30, மணி இடத்தில் 18 என்று எழுதுங்கள். கிழமையையும் குறிப்பிட்டிருந்தால் அது ஒரு நாள் முந்தும் என்பதை மறக்கவேண்டாம்.

கையால் ஓடி, குரோனில் ஓடாததற்கு மூன்று வழக்கமான காரணங்கள் உண்டு. குரோனின் ‘பாத்’ (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகக் குறுகியது, ஆகவே நிரல்களின் முழுப் பாதையையும் எழுதவேண்டும். அடுத்தது, ஆர்க்ளோன் தன் அமைப்புக் கோப்பைப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் தேடும். நீங்கள் ஒரு பயனராக அமைத்து, குரோன் நிர்வாகிக் கணக்கான ரூட்டாக ஓடினால் அங்கே எதுவும் இருக்காது. ‘--கன்ஃபிக்’ கொடுத்து இடத்தைச் சொல்லுங்கள். மூன்றாவதைத்தான் பலர் கண்டுபிடிப்பதில்லை: குரோன் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். கோப்பின் பெயரில் திகதியைச் சேர்க்க அந்தக் குறியை எழுதியிருந்தால் கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முன் பின்சாய்கோடு போடுங்கள். அல்லது எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் கோப்புக்குள் வைத்து, குரோனில் அதன் பெயரை மட்டும் எழுதுங்கள். நேற்றைய ஓட்டம் முடியுமுன் இன்றையது தொடங்காமலிருக்க முன்னால் ‘எஃப்லொக்’ என்ற பூட்டுக் கட்டளையைப் போடுவது நல்லது.

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்கள் தமிழ்ப் பெயர்களோடு ட்ரைவில் உள்ளன. ஸ்கிரிப்ட் சிலவற்றை இரண்டு முறை இறக்குகிறது, பெயரும் ஒன்றாகவே தெரிகிறது. சிலவற்றுக்கு ‘பெயர் நீளம்’ என்று பிழை வருகிறது. விண்டோஸில் இந்தப் பிரச்சினை இல்லை.
— பம்பலப்பிட்டி

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றல்ல. ‘கொழும்பு’ என்பதில் ‘கொ’வை எடுங்கள். யூனிகோடில் ககரத்தோடு ‘ொ’ என்ற ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய மக் கணினிகள் பெயர்களை இரண்டாகப் பிரித்தே வட்டில் வைத்தன. ஒரே மலரை இருவர் இரு கணினியிலிருந்து ஏற்றியிருந்தால் இரண்டு பெயர்கள். பைதனின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ‘நோர்மலைஸ்’ என்பதை ‘என்எஃப்சி’ முறையில் பாவித்துப் பெயர்களை ஒப்பிட்டால் இது தீரும். ஆர்க்ளோன் ஒப்பிடும்போது இதைத் தானே கவனித்துக்கொள்ளும்.

ஔகார உயிர்மெய்க்கு அதுவும் உதவாது. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டியிருந்தால் யூனிகோடுக்கு அது ‘கெள’ என்ற வேறு சொல். எந்தக் கருவியும் இணைக்காது, கையால்தான் திருத்தவேண்டும். ட்ரைவ் ஒரே ஃபோல்டரில் அச்சாக ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகளையும் அனுமதிக்கும். ஆகவே ஸ்கிரிப்டில் பெயரை நம்பாமல் அடையாள எண்ணை வைத்துக் கணக்கெடுங்கள்.

நீளத்துக்கு வருவோம். லினக்ஸ் ஒரு பெயருக்கு 255 பைட் தரும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘கொழும்பு’ என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கே 8 குறி, 24 பைட். 85 குறிகளுக்கு மேல் போனால் லினக்ஸ் மறுக்கும். விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, குறிகளை எண்ணுவதால் அங்கே இடமிருக்கிறது. ஸ்கிரிப்டில் வெட்டுவதென்றால் நீட்சியைப் பாதுகாத்து, பைட் கணக்கில் வெட்டுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வேர்ட் கோப்புகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். வேர்ட் முதல் வரியையே கோப்பின் பெயராகப் பரிந்துரைக்கும். பாமினியில் புள்ளி என்பது ஆங்கில அரைப்புள்ளிக் குறி. அப்படிப்பட்ட பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் ஷெல்லில் (கட்டளைத் திரையில்) ஒட்டினால் கட்டளை அந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கும்.

எஸ்3இல் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் 500 ஜிபி மும்பைப் பிராந்தியத்தில் உள்ளன. முழுவதையும் இங்கே இறக்க என்ன செலவாகும்? சில கோப்புகளுக்கு 403 என்ற அனுமதி மறுப்புப் பிழை வருகிறதே?
— யூனியன் பிளேஸ்

சேமிக்கும் வாடகைக்குப் புறம்பாக, வெளியே எடுப்பதற்கும் அமேசான் கட்டணம் அறவிடும். மாதம் முதல் 100 ஜிபி இலவசம். மும்பையிலிருந்து அதற்கு மேல் ஒரு ஜிபிக்கு 0.1093 டொலர். 400 ஜிபிக்கு ஏறத்தாழ 44 டொலர், வரி தனி. அவசரம் இல்லையென்றால் மாதம் 100 ஜிபியாக ஐந்து மாதத்தில் எடுத்தால் இந்தத் தொகை மிஞ்சும். அதே கணக்கில் வேறு சேவைகளும் வெளியே தரவு அனுப்பினால் இலவச அளவு அவற்றோடு பங்குபடும்.

403க்குப் பல முகங்கள். கோப்புகள் ‘கிளேஸியர்’ என்ற நீண்டகாலச் சேமிப்பு வகுப்பில் இருந்தால் முதலில் மீட்டெடுக்கக் கேட்டுக் காத்திருக்கவேண்டும். கிளேஸியர் ஃப்ளெக்ஸிபிளில் சாதாரண மீட்புக்கு 3 முதல் 5 மணித்தியாலம், ‘டீப் ஆர்க்கைவ்’ என்றால் 12 மணித்தியாலம் வரை. கணினியின் கடிகாரம் 15 நிமிடத்துக்கு மேல் பிசகியிருந்தாலும் 403. பட்டியலிடும் அனுமதி இல்லாத கணக்கில், இல்லாத கோப்பைக் கேட்டாலும் 404 வராது, 403தான் வரும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை விட்டுவிட்டு நாள் முழுக்க அனுமதிகளைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. முன்கூட்டியே ஒப்பமிட்ட இணைப்பு என்றால் அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள்.

சொந்த ஸ்கிரிப்ட் என்றால் இதையும் பாருங்கள்: பட்டியல் கேட்டால் ஒரு தடவைக்கு 1000 பெயர்தான் வரும். அடுத்த பக்கத்தைக் கேட்காத ஸ்கிரிப்ட் சரியாக 1000 கோப்போடு திருப்தியாக நின்றுவிடும்.

கூகுள் டொக்ஸ், ஷீட்ஸ் கோப்புகள் மட்டும் இறங்க மறுக்கின்றனவே?
— கொம்பனித்தெரு

அவை கோப்புகளே அல்ல. இறக்க முடியாது, வேர்ட் அல்லது எக்ஸெல் ஆக ஏற்றுமதிதான் செய்யலாம். ஆர்க்ளோன் தானே செய்துவிடும். ஏபிஐயில் ‘எக்ஸ்போர்ட்’ தனிக் கட்டளை, அதன் எல்லை 10 மெகாபைட்.

எல்லாம் இறங்கிவிட்டது. ட்ரைவில் இடம் போதவில்லை. அழித்துவிடலாமா?
— கிராண்ட்பாஸ்

கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் போதாது. ஆர்க்ளோனின் ‘செக்’ கட்டளையை ‘--வன்-வே’ தெரிவோடு ஓடவிடுங்கள். ட்ரைவ் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண் வைத்திருக்கிறது. வட்டிலுள்ளதற்குப் புதிதாகக் கணித்து இரண்டையும் ஒப்பிடும். இதற்கு டேட்டா கரையாது, வட்டை வாசிக்கும் நேரம் மட்டுமே செலவு. டொக்ஸ், ஷீட்ஸ் வகைகளுக்கு அந்த எண் இல்லாததால் அவற்றைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

மற்றச் சேவைகளில் கையால் ஒப்பிடுவோர் கவனிக்க: ட்ரொப்பொக்ஸ் கோப்பை 4 மெகாபைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் ஷா-256ஐயும் (எம்டி5 போன்ற இன்னொரு எண்) சேர்த்து, அதற்கு மறுபடியும் ஷா-256 எடுக்கிறது. சாதாரண ஷா-256ஓடு அது ஒருபோதும் பொருந்தாது. எஸ்3 ஒவ்வொரு கோப்புக்கும் தரும் ஈடேக் என்ற அடையாளத்தில் இடைக்கோடும் ஓர் எண்ணும் இருந்தால் அது பல பகுதியாக ஏற்றிய கோப்பு. அந்த ஈடேக் எம்டி5 அல்ல.

‘செக்’ வேறுபாடு பூச்சியம் என்று சொன்னபின், ஒரே வன்தட்டில் மட்டும் வைக்காமல் இரண்டாவது ஒன்றிலும் பிரதி எடுத்துவிட்டு அழியுங்கள். அழித்த உடனே ட்ரைவில் இடம் கூடாது. ட்ராஷில் 30 நாள் கிடக்கும், அதுவரை அந்த அளவும் உங்கள் கணக்கிலேயே சேரும். உடனே இடம் வேண்டுமென்றால் ட்ராஷையும் காலிசெய்யவேண்டும். அதன்பின் மீட்க முடியாது.